நல்லவர்கள் தடுத்தபோது

லின்ஸ் நகரத்து ஆயர் இல்லத்திலிருந்து ஒரு விவசாயி வெளியே வருகிறார். இரண்டாம் உலகப் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த காலம்; ஆஸ்திரியா என்ற நாடே தன் பெயரை இழந்து ஹிட்லரின் ஜெர்மனிக்குள் கரைந்துபோயிருந்த காலம். வாசலில் அவருடைய மனைவி காத்திருக்கிறார். கணவர் மிகுந்த வருத்தத்தோடு வெளியே வந்ததாக அந்த அம்மா பின்னாளில் நினைவுகூர்ந்தார். உள்ளே அவர் கேட்டது ஒரு கேள்விதான். அநீதி என்று தன் மனச்சான்று சொல்லும் ஒரு போரில், ஒரு கிறிஸ்தவன் ஆயுதம் ஏந்தலாமா? அரசு செய்வதற்கு ஒரு சாதாரணக் குடிமகன் பொறுப்பாளி அல்ல, உன் பொறுப்பு உன் மனைவி மக்கள்தான் என்ற பொருளில் ஆயர் அறிவுரை சொல்லி அனுப்பினார்.

இந்தப் பதிலை நாம் அவசரப்பட்டு ஏளனம் செய்துவிடக் கூடாது. அது கொடுமையான பதில் அல்ல. நம்முடைய தம்பியோ மகனோ இப்படியொரு கேள்வியோடு வந்து நின்றால் நாமும் அதைத்தான் சொல்லியிருப்போம். சிறுபிள்ளைகள் மூன்று பேர், வயதான தாய், உழுது விதைக்க வேண்டிய நிலம். இவற்றை நினைத்துப் பார் என்று சொல்வதில் பாவம் என்ன இருக்கிறது? ஆயரின் பதிலில் இருந்த அன்பை நாம் ஒப்புக்கொண்டால்தான், அதை மீறிச் சென்றவர் எதை மீறினார் என்பது நமக்கு விளங்கும்.

அவர் பெயர் பிரான்ட்ஸ் யேகர்ஸ்டெட்டர். ஜெர்மானிய எல்லையை ஒட்டிய சங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் 1907-ஆம் ஆண்டு மே 20 அன்று பிறந்தவர். பிறவியிலேயே துறவு மனம் கொண்டவர் என்று எண்ண வேண்டாம். இளமையில் அடிதடிக்கு அஞ்சாதவர்; மோட்டார் சைக்கிளில் ஊரைக் கலக்கியவர்; திருமணத்துக்கு வெளியே ஒரு பெண்குழந்தைக்குத் தந்தையானவர். 1936-இல் பிரான்சிஸ்காவை மணந்து, புதுமணத் தம்பதியாக இருவரும் ரோமாபுரிக்குத் திருப்பயணம் போனார்கள். அதன் பிறகு விவிலியமும் செபமும் அந்த வீட்டின் அன்றாடமாயின. பின்னர் ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளையாகவும் பணிசெய்தார். 1940-இல் படைக்கு அழைத்தபோது போனார், உறுதிமொழியும் எடுத்தார், பயிற்சியும் பெற்றார். பண்ணை வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஊர்த் தலைவர் கேட்டுக்கொண்டதால் 1941-இல் வீடு திரும்பினார். உள்ளே இருந்து பார்த்த அந்த மாதங்கள்தான் அவரை முடிவுக்குத் தள்ளின. இனி அழைத்தால் போவதில்லை. 1943 பிப்ரவரியில் மீண்டும் அழைப்பு வந்தது. மார்ச் 1 அன்று என்ஸ் நகரத்துப் படைமுகாமுக்குச் சென்று, ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று அறிவித்தார். லின்ஸ் சிறை, பிறகு பெர்லினின் டேகல் சிறை. ஜூலை 6 அன்று இராணுவ உச்ச நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆகஸ்ட் 9 மாலை, பிராண்டன்பர்க்கில் கில்லட்டின். வயது 36.

மறைசாட்சிகளின் கதைகளை நாம் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஒரு பக்கம் கொடுங்கோல் அரசன், மறுபக்கம் விசுவாசி, நடுவில் வாள். நம் குமரி மண்ணின் புனித தேவசகாயத்தை அலைக்கழித்தது அரண்மனை. திருச்சபை அவர் பக்கம் நின்றது. 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் குண்டடிபட்டு இறந்தவரின் உடலைத் திருச்சபை கோட்டாற்றுக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்து ஏற்றுக்கொண்டது. பிரான்ட்ஸுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவரைக் கொன்றது ஹிட்லரின் அரசு என்பது உண்மை. ஆனால் அதற்கு முன் அவரைத் தடுத்தவர்கள் யார்? பெற்ற தாய் தடுத்தார். உற்றார் தடுத்தார்கள். பங்குத்தந்தையர் தடுத்தார்கள், அவர்களுள் ஒருவர் நாஜிகளுக்கு எதிராகப் பிரசங்கம் செய்து கைதானவர். ஆயர் தடுத்தார். தினமும் அதே பீடத்தின் முன் முழந்தாளிட்ட ஊரார் அத்தனை பேரும் தடுத்தார்கள். கடவுளுக்குக் கீழ்ப்படிவதா மனிதரைத் திருப்திப்படுத்துவதா என்ற கேள்வியில், ‘மனிதர்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் தீயவர்களைத்தான் கற்பனை செய்கிறது. அந்த வசதியை இந்த விவசாயியின் வாழ்க்கை நமக்குத் தர மறுக்கிறது.

மேடையில் ஏறி, உலகம் என்ன சொன்னாலும் நான் ஆண்டவர் பக்கமே என்று முழங்குவது எளிது. உலகம் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அங்கே இருப்பவர்கள் ஆமென் சொல்லக் காத்திருப்பவர்கள்.

விவிலியத்திலேயே இதற்கு ஒரு சாட்சியம் உண்டு. நாம் அதன் முதல் பாதியை மட்டும் விரும்பி நினைவில் வைத்திருக்கிறோம். எருசலேமில் தலைமைச் சங்கத்தின் முன்னால் பேதுரு நிறுத்தப்படுகிறார். போதிக்கக் கூடாது என்று கட்டளை. மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று அவரும் மற்றத் திருத்தூதரும் அஞ்சாமல் விடை சொல்கிறார்கள். சவுக்கடி வாங்கி, மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள். இது முதல் பாதி. அதே பேதுரு அந்தியோக்கியாவில் பிற இனத்து விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டுகொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்து சேர்ந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் மறைக்காமல் பதிவு செய்கிறது. வந்தவர்கள் கையில் சவுக்கு இல்லை. அவர்கள் எதிரிகளும் அல்ல. பேதுருவின் சொந்தச் சபையார், அவரை மதித்தவர்கள், அவர் மதித்தவர்கள். சவுக்குக்கு அஞ்சாத மனிதர் ஒரு முகச்சுளிப்புக்கு அஞ்சினார். பந்தியிலிருந்து ஒருவர் எழுந்து போவது எவ்வளவு பேசும் என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே பீடத்தின் முன் தனித்தனி இருக்கைகளையும், இறந்த பின்னும் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களையும் காத்துவந்தவர்கள் யாரும் கடவுளை மறுத்தவர்கள் அல்லர். சாதிசனம் என்ன சொல்லும் என்று அஞ்சியவர்கள், அவ்வளவுதான்.

ஏன் இப்படி? எதிரியின் வெறுப்பைத் தாங்கும் நெஞ்சுக்கு, வேண்டியவர்களின் வருத்தத்தைத் தாங்கும் வலு ஏன் இல்லாமல் போகிறது? எதிரி நம்மை வெறுக்கும்போது நாம் யார் என்பது நமக்கு இன்னும் உறுதியாகிறது. அவனுடைய பகையே நமக்கு ஓர் அடையாளத்தைத் தந்துவிடுகிறது. நம்மவர்கள் முகம் திருப்பும்போது நடப்பது வேறு. செபம் சொல்லிக்கொடுத்தது தாயின் வாய். பாவம் எது புண்ணியம் எது என்று பிரித்துக்காட்டியது பங்குத்தந்தையின் குரல். கடவுளின் குரலை நாம் முதன்முதலில் கேட்டதே இவர்களுடைய குரல்கள் வழியாகத்தான். அப்படியிருக்க, ஒருநாள் அந்தத் தாயிடமே, அம்மா, உங்கள் அச்சம் உங்களுடையது, அது ஆண்டவர் சொல்வது அல்ல என்று எப்படிச் சொல்வது? நம் உள்ளத்துக்குள் இரண்டறக் கலந்து ஒலித்துவந்த இரண்டு குரல்களைப் பிரித்துக் கேட்க வேண்டிய கட்டாயம் வரும்போது, பிரிவது குரல்கள் மட்டுமல்ல, அவற்றால் உருவான நாமும் இரண்டாகப் பிளக்கிறோம். நல்லவர்களின் ஏற்பை இழப்பது ஒருவித அநாதைத்தனம். பிரான்ட்ஸ் ஆயர் இல்லத்திலிருந்து வருந்தி வெளிவந்தது தோற்றுப்போன வழக்காளியாக அல்ல. தந்தை வீட்டில் தனக்கு இடமில்லை என்று உணர்ந்த மகனாக.

மனிதரின் ஏற்பு என்பதே தீது என்று சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் உடனே தீர்ந்துவிடும். ஆனால் அது பொய்யான தீர்வு. ஒருவரை ஒருவர் தாங்குவதற்காகத்தானே சபை என்ற ஒன்று இருக்கிறது? பிரான்ட்ஸே அந்த ஆறுதலுக்கு ஏங்கியவர்தான். பெர்லின் சிறையில் அருட்தந்தை கிரொய்ட்ஸ்பெர்க் அவரிடம் ஒரு செய்தி சொன்னார். பிரான்ட்ஸ் ரைனிஷ் என்ற குருவானவர் ஹிட்லரின் பெயரால் படை உறுதிமொழி எடுக்க மறுத்து முந்தைய ஆண்டு ஆகஸ்டில் இதே வழியில் உயிர் கொடுத்திருந்தார். கேட்டதும் இவருக்குப் பெரும் நிம்மதி. நான் தவறான பாதையில் போய்விடவில்லை என்ற நிம்மதி. எவருடைய ஏற்பும் தேவைப்படாத கல்மனம் ஒன்று இருக்குமானால் அதைப் புனிதம் என்று சொல்ல முடியாது. இவருக்கு ஏற்பு வேண்டியிருந்தது. அது கிடைக்காதபோதும் அவர் நடந்தார். இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏற்பு எப்போது நஞ்சாகிறது என்பதற்குச் சவுல் மன்னனைப் போன்ற பாடம் இல்லை. அமலேக்கியர் விஷயத்தில் ஆண்டவர் சொன்னதைச் செய்யாமல் கொழுத்த ஆடுமாடுகளைப் பிழைக்கவிட்டதற்குக் காரணம் கேட்டால், மக்களுக்கு அஞ்சினேன் என்கிறார். அரசன், அதுவும் மக்களுக்கு அஞ்சிய அரசன்! அதுகூடப் பெரிதல்ல. பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட அதே வாயால், இருந்தாலும் மூப்பர்கள் முன்னிலையில் எனக்கு மரியாதை செய்யும் என்று சாமுவேலிடம் கேட்கிறாரே, அங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும். அரியணை போய்விட்டது என்று இறைவாக்கினரே சொல்லியாகிவிட்டது. கடவுளோடு உள்ள உறவு அறுந்துவிட்டது. அந்த நேரத்திலும் அவர் கவலை, ஊர்ப் பெரியவர்கள் பார்வையில் தன் நிலை குலையாமல் இருக்க வேண்டும் என்பதே. மனந்திரும்புதலைக்கூடப் பிறர் பார்வைக்கு ஏற்ற சடங்காக மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பசி ஆழமானது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. எல்லாரும் எதிர்க்கிறார்கள், ஆகவே நான் கடவுளின் பக்கம் இருக்கிறேன் என்று முடிவுகட்டிக்கொள்ளும் விபரீதம் கிறிஸ்தவ வட்டங்களில் புதியதல்ல. குடும்பத்தை உதாசீனம் செய்துவிட்டு அதற்கு ஊழியம் என்று பெயர் வைப்பவரும், எவர் புத்திமதிக்கும் செவிகொடாமல் அதற்கு வெளிப்பாடு என்று பெயர் வைப்பவரும் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறார்கள். எதிர்ப்பு ஒன்றையும் நிரூபிப்பதில்லை. பொய் சொல்பவனையும் ஊர் எதிர்க்கும், மெய் சொல்பவனையும் ஊர் எதிர்க்கும். அப்படியானால் கீழ்ப்படிதலையும் பிடிவாதத்தையும் எதைக்கொண்டு பிரித்தறிவது?

பிரான்ட்ஸ் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் எனக்குச் சில தடயங்கள் தெரிகின்றன. அவர் எல்லாரிடமும் கேட்டார். பங்குத்தந்தையரிடம் விவிலியத்தைத் திறந்துவைத்து வாதாடினார், ஆயர் வரை போனார், குறிப்பேடுகளில் கேள்விகளைத் தனக்குத்தானே எழுதி விடை தேடினார். தான் தவறாக இருக்கக்கூடும் என்பதற்கு முழு இடம் கொடுத்தவர் அவர். ஆலோசனை கேட்டாரே தவிர, ஒளிந்துகொள்ள இடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆயரின் சொல்லே போதுமான மறைவிடமாக இருந்திருக்கும். இறுதித் தீர்ப்பு நாளில் ஆயர்தான் சொன்னார் என்று கைகாட்டிவிடலாமே! அந்த வசதியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து, போருக்குப் போன தன் ஊர்க்காரர்களை அவர் இகழவில்லை. தனக்குக் கிடைத்த தெளிவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றே எண்ணினார். தன்னை அவர்களைவிட உயர்ந்தவராக நிறுத்திக்கொள்ளவில்லை. மூன்றாவதாக, காயமுற்றோருக்கு மருத்துவ உதவி செய்யும் படைப்பிரிவில் சேரத் தயார் என்றார். அது ஏற்கப்படவில்லை. சாவைத் தேடிப் போனவர் அல்லர். இறங்கிவரக் கூடிய எல்லைவரை இறங்கிவந்தார். பிடிவாதக்காரன் தன்னைக் காத்துக்கொள்ளவே மறுக்கிறான். இவர் தன்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காத்துக்கொள்ள வழி தேடினார்.

டேகல் சிறைக்கு ஒரு புகைப்படம் வந்தது. அவருடைய மூன்று பெண்பிள்ளைகள், ரோசாலியா, மரியா, அலோய்சியா, வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு பலகை. அப்பாவைச் சீக்கிரம் வரச்சொல்லி அதில் எழுதியிருக்கிறது. கடைக்குட்டிக்கு அப்போது மூன்று வயதுகூட நிறைந்ததோ இல்லையோ. இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தன் முடிவில் நிற்கிறார் என்றால், அதைப் புகழ்வதற்கு முன் நாம் கொஞ்சம் நடுங்கவாவது வேண்டும். ஏனென்றால் கீழ்ப்படிதலின் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. அந்தச் சிறுமிகள் கொடுத்தார்கள். மனைவி கொடுத்தார். போர் முடிந்த பின்னும் பிரான்சிஸ்காவுக்கு 1950 வரை அரசு உதவித்தொகை மறுக்கப்பட்டது. கணவரின் பக்தி முற்றிப்போனதற்கு நீதான் காரணம் என்று ஊர் அவரைத்தான் குற்றம் சொன்னது.

ஆயரின் வாதம் இங்கேதான் முழு வலுவோடு திரும்பி வருகிறது. குடும்பத்துக்கு நீ பொறுப்பு இல்லையா? பிரான்ட்ஸ் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடவில்லை. மனைவி மக்கள் இருக்கிறார்கள் என்பதால் கடவுளைப் புண்படுத்தும் உரிமை ஒருவனுக்கு வந்துவிடுமா என்று அவர் தமக்கே எழுதிவைத்த குறிப்புகளில் கேட்டுக்கொள்கிறார். இதற்கு எளிதான விடை எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். வேறொருவர் இதே தராசில் நிறுத்து வேறு முடிவுக்கு வந்திருந்தால் அவரைக் கோழை என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க முடிகிறது. குடும்பம் என்ற சொல்லை நாம் எத்தனை சமரசங்களுக்குக் கேடயமாகப் பிடிக்கிறோம்! வாங்கிய கையூட்டுக்கும் பிள்ளைகள் படிப்பு காரணம். விழுங்கிய உண்மைக்கும் வீட்டு நிலைமை காரணம். அந்தப் பிள்ளைகளிடம் ஒருநாளும் நாம் சம்மதம் கேட்டதில்லை. பிரான்சிஸ்காவிடம் கேட்கப்பட்டது. அவரும் முதலில் தடுத்துப் பார்த்தவர்தான். பிறகு, தானும் கூட நிற்காவிட்டால் கணவருக்கு இவ்வுலகில் யாருமே இல்லை என்று கண்டு அருகில் நின்றார். அந்த ஒரு பெண்ணின் ஏற்பு மட்டும் அவருக்குக் கடைசிவரை இருந்தது. தண்டனை விதிக்கப்பட்ட பின் ஜூலையில் பங்குத்தந்தையோடு பெர்லினுக்குப் போய்க் கணவரை அவர் கண்டது சில நிமிடங்கள்தான். கூட வந்த பங்குத்தந்தை அப்போதும் மனதை மாற்றிக்கொள்ளச் சொல்லி மன்றாடினார். பிரான்சிஸ்கா அதைச் செய்யவில்லை.

இங்கிருந்து நாம் இன்னும் சற்று மேலே ஏற வேண்டியிருக்கிறது. பிறர் ஏற்பை நாடி வாழ்கிறவனை நாம் பணிவானவன், அனுசரித்துப் போகிறவன், அன்பானவன் என்றெல்லாம் சொல்கிறோம். அவனோ உண்மையில் தன்னைச் சுற்றியுள்ள ஒவ்வொருவரிடமும் ஓயாமல் வசூல் செய்துகொண்டிருக்கிறான். ஒரு புன்னகை, ஒரு பாராட்டு, ஒரு தலையசைப்பு என்று நாள்தோறும் அவனுக்குச் சேர வேண்டியது சேர்ந்தாக வேண்டும். சேராத இடத்தில் அவனுடைய அன்பு கசப்பாகத் திரிந்துபோகிறது. தன் பசிக்கு மற்றவர்களை உணவாக்கிக்கொண்டிருக்கிறவனால் அவர்களை அவர்களுக்காகவே நேசிக்க முடியாது. கடவுள் ஒருவருக்கே கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் என்று தன்னை உணர்ந்தவனோ அண்டை வீட்டாரிடம் எதையும் வசூலிக்கத் தேவையில்லாதவனாகிறான். ஆகவே அவர்கள் அவனை வெறுக்கும்போதும் அவனால் அவர்களுக்குத் தீங்கு நினைக்காமல் இருக்க முடிகிறது, அவர்கள் தவறும்போதும் தன்னை அவர்களுக்கு மேலே உயர்த்திக்கொள்ளாமல் இருக்க முடிகிறது, அவர்களுடைய அச்சத்தையும் அவர்களுடைய அன்பையும் வேறுவேறாகக் கண்டு அச்சத்துக்கு இணங்காமலே அன்பை ஏற்றுக்கொள்ள முடிகிறது. முதற்கட்டளையாகக் கடவுளை நேசிப்பதையும் அதற்கு இணையான இரண்டாவதாகப் பிறரை நேசிப்பதையும் இயேசு வைத்த வரிசையின் உட்பொருள் இதுவாகத்தான் இருக்க வேண்டும். முதலாவது இடம்பெயர்ந்துவிட்டால் இரண்டாவது வெறும் பண்டமாற்றாகிவிடுகிறது. கைவிலங்கோடு பெர்லின் சிறையில் உட்கார்ந்து பிரான்ட்ஸ் எழுதியவற்றில் எவர்மீதும் வன்மம் இல்லாதது இதனால்தான் என்று நினைக்கிறேன். தன் கைகள் கட்டுண்டிருப்பது தன் சித்தம் கட்டுண்டிருப்பதைவிட மேல் என்ற பொருளில் அவர் எழுதினார். அது வீரவசனம் அல்ல. யாரிடமும் தனக்கு நிலுவை இல்லை என்று உணர்ந்தவரின் இலகு. கையெழுத்திட்டால் உயிர் தப்பலாம் என்ற தாள் கடைசி நாளிலும் மேசைமேல் இருந்ததாகவும், அவர் அதை ஒதுக்கிவிட்டதாகவும் உடனிருந்த குரு ஜோக்மன் சொன்னார். வாழ்க்கையில் தான் சந்தித்த ஒரே புனிதர் இவர்தான் என்றும் அன்று மாலையே அருட்சகோதரிகளிடம் அவர் சொல்லியிருக்கிறார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை அழகாக முடியும். பிறகு நடந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அங்கே நமக்கு இன்னொரு கண்ணி விரிக்கப்பட்டிருக்கிறது. போர் முடிந்து 1946-இல் இவர் வரலாற்றை மறைமாவட்ட இதழில் வெளியிட, அன்று அவருக்கு அறிவுரை சொல்லி அனுப்பிய அதே ஆயர் ஃபிளீஸர் இசையவில்லை; கடமையைச் செய்து போர்க்களத்தில் மடிந்த கத்தோலிக்க இளைஞர்களே மேலான வீரர்கள் என்று அவர் கருதினார். ஊர்ப் போர் நினைவுச் சின்னத்தில் இவர் பெயரைச் சேர்ப்பதே சர்ச்சையாயிற்று. கார்டன் ஸான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வேறோர் ஆய்வுக்காகப் போன இடத்தில் தற்செயலாக இந்தப் பெயரைக் கண்டெடுத்து, 1964-இல் ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் முன்னாள் பம்பாய்ப் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ் இந்த விவசாயியை முன்னிறுத்தி, மனச்சான்றின்படி போரை மறுப்போருக்காக வாதாடினார். ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற சங்க ஏட்டில் அப்படிப்பட்டவர்களுக்கு மனிதநேயத்தோடு சட்டம் இடம்கொடுக்க வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றது. 1997-இல் பெர்லின் நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26 அன்று அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். எந்த லின்ஸ் நகரத்து ஆயர் இல்லத்திலிருந்து வருந்தி வெளியேறினாரோ அதே நகரத்துப் பேராலயத்தில். தொண்ணூற்று நான்கு வயது பிரான்சிஸ்கா முன்வரிசையில் இருக்க.

கண்ணி என்று சொன்னேனே, இதுதான். கடைசியில் பார்த்தீர்களா, உலகம் அவரை ஏற்றுக்கொண்டதே என்று மனம் நிம்மதியடைகிறது. ஏற்பு தாமதமாகவாவது வந்துசேரும் என்ற நம்பிக்கையில் கீழ்ப்படிவது கீழ்ப்படிதலா, நீண்டகால முதலீடா? அவருக்கு இவை எதுவும் தெரியாது. ஸான் அந்தப் பெயரைக் கண்டெடுக்காமல் போயிருந்தால் ராடெகுண்ட் கோயில் சுவரோரம் ஒரு பழைய கல்லறையோடு எல்லாம் முடிந்திருக்கும். அவர் செய்தது அதனால் அணுவளவும் குறைந்திருக்காது. இன்று அவரைப் பாராட்ட நமக்கு ஒரு துணிச்சலும் தேவையில்லை, பீடத்தில் ஏற்றப்பட்டவரைப் பாராட்டுவது ஊரோடு ஒத்துப்போவதுதான். அன்றைய ராடெகுண்டில் நாம் இருந்திருந்தால் ஆயரைப்போலத்தான் பேசியிருப்போம் என்று நான் தொடக்கத்தில் சொன்னதை மறந்துவிட வேண்டாம்.

நம்மில் பெரும்பாலோருக்குக் கில்லட்டின் வாய்க்காது. வாய்ப்பவை அற்பமானவை, எவர் கண்ணிலும் படாதவை. பிரான்ட்ஸின் வாழ்க்கையிலும் அவை இருந்தன. என் மனம் அடிக்கடி போவது பிராண்டன்பர்க்குக்கு அல்ல, அவற்றிடம்தான். 1938 ஏப்ரல் 10 அன்று, ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்ததற்கு மக்கள் ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களிக்கவே போகாமல் இருந்துவிடலாம் என்று அவர் நினைத்தார். வீட்டுக்கு என்ன ஆபத்து வருமோ என்று அஞ்சிய பிரான்சிஸ்கா, போய்த்தான் ஆக வேண்டும் என்று கடுமையாக வற்புறுத்தினார். பிறகு அதற்காக வருந்தி, அப்படி மீண்டும் அவரை நெருக்கவே இல்லை. பிரான்ட்ஸ் போய் எதிர்த்து வாக்களித்தார். ஊரில் விழுந்த ஒரே எதிர்வாக்கு. மேலிடத்துக்கு அனுப்பிய கணக்கில் ஊர் அதிகாரிகள் அந்த ஒன்றையும் விட்டுவிட்டு, ஊர் முழுவதும் ஒருமனதாக ஆதரித்தது என்று எழுதினார்கள். அவரைக் காப்பாற்றவே அப்படிச் செய்திருக்கலாம், தங்களையும் காப்பாற்றிக்கொள்ளச் செய்திருக்கலாம். எதிர்த்தவர் என்ற பெயர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுகளில் ஊர்த் தலைவர் பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றார். பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை வந்தது, வாங்கவில்லை. ஆலங்கட்டி மழையில் பயிர் அழிந்தபோது நிவாரணப் பணம் கொடுத்தார்கள், ஊரே வாங்கியது, அவருக்கும் அது தேவைப்பட்டது. அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் நிலத்துக்குப் போனார்.